அசோகா எப்படி இருந்தது?

கேள்வி: எனக்கு 38 வயது. பாபநாசம் பக்கத்துக் கிராமம். கும்பகோணத்தில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலை. உயரம் 156 செ.மீ. மாசி மாதம் 74 கிலோ இருந்தேன். இரவுச் சாதத்தைக் குறைத்து, தினமும் நடந்து, ஆனியில் 69-க்கு வந்தேன். அதுவரை இனிப்பைத் தொடவே இல்லை. ஆனி கடைசியில் திருவையாற்றில் நாத்தனார் மகள் கல்யாணம். காலை டிபனில் அசோகா. வேண்டாம் என்று சொல்வதற்குள் இலையில் விழுந்துவிட்டது, சாப்பிட்டுவிட்டேன். "டயட்டுன்னு சொன்னியே?" என்று மாமியார் பந்தியிலேயே கேட்டார். அதன் பிறகு எனக்கு என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. மத்தியானம் பாயசம் இரண்டு முறை வாங்கினேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சீர்ப் பலகாரம். எல்லோரும் தூங்கிய பிறகு டப்பாவைத் திறந்து நின்றுகொண்டே அதிரசம் தின்றேன். நான்காம் நாள் மெஷினில் 70.8. அழுகையே வந்துவிட்டது. அடுத்த இரண்டு நாள் மோர் மட்டும் குடித்தேன், அலுவலகத்தில் தலை சுற்றியது. சர்க்கரை, தைராய்டு பரிசோதனையெல்லாம் சரியாக இருக்கிறது. இப்போது ஆடிப்பெருக்குக்கு அதே நாத்தனார் வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகாமலே இருந்துவிடலாமா என்று தோன்றுகிறது. இனிப்பை முழுக்க விட்டால்தான் எடை குறையுமா? மாமியாரும் வருகிறார். அவருக்குச் சர்க்கரை, மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்கு என்ன கொடுக்கலாம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எடை இருக்கிறது, மாமியார் கேட்டது இருக்கிறது, அதிரச டப்பா இருக்கிறது, மோர் விரதம் இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை. அந்த அசோகா எப்படி இருந்தது?

கேலிக்குக் கேட்கவில்லை. திருவையாற்றுக் கல்யாணத்தில் கிளறிய அசோகா. பாசிப்பருப்பைச் சிவக்க வறுத்துக் குழைய வேகவைத்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவோடு சர்க்கரையும் சேர்த்துக் கை ஓயக் கிளறி, ஓரத்தில் நெய் பிரிந்து நிற்கும்போது இறக்குவார்கள். சூடாக இலையில் வைத்தால் துண்டு போட்ட அல்வா மாதிரி நிற்காது, மெல்லச் சரியும். பல்லுக்கு அதில் வேலையே கிடையாது. அத்தனை மாதம் கழித்து அதைச் சாப்பிட்ட உங்களுக்கு ருசி ஞாபகமில்லை. பந்தியில் கேட்ட கேள்விதான் ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு உங்களுக்கு நஷ்டம் என்று ஒன்று நடந்திருந்தால், என் கணக்கில் அதுதான்.

சரி, எடைக்கு வருவோம். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், அதனால் கணக்காகவே சொல்கிறேன். என் வீட்டில் அசோகா கிளறும் அளவு: பாசிப்பருப்பு 100 கிராம், கோதுமை மாவு 50, சர்க்கரை 250, நெய் 150. எல்லாவற்றையும் கூட்டினால் 2,900 கலோரிக்குக் கொஞ்சம் கீழே வரும். வெந்த தண்ணீரோடு சேர்த்து இறக்கும்போது ஏறக்குறைய 800 கிராம் இருக்கும். பந்தியில் ஒரு சின்னக் கரண்டி, 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் 180 கலோரி. அதே இலையில் நெய் மிதக்கும் பொங்கல் ஒரு கரண்டியும் வடை இரண்டும் இருந்திருக்கும். அவை சேர்ந்து 400-ஐத் தாண்டிவிடும். அவற்றைப் பற்றி உங்கள் மாமியாரும் கேட்கவில்லை, நீங்களும் எனக்கு எழுதவில்லை. இனிப்பின் மேல் மட்டும்தான் பழி.

உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு ஏற வேண்டுமானால், செலவழித்தது போக 7,700 கலோரி அளவுக்கு மிச்சம் விழ வேண்டும். அப்படிப் பார்த்தால் அந்த ஒரு கரண்டி அசோகா முழுவதும் கொழுப்பாகவே மாறியிருந்தாலும் 23 கிராம். மூன்று பவுன்கூட இல்லை. நீங்கள் மெஷினில் பார்த்த 1.8 கிலோவும் கொழுப்பு என்றால், வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் ஏறக்குறைய 14,000 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். அசோகாவாகச் சொன்னால் 77 கரண்டி. ஒரு பந்தி முழுக்கப் பரிமாறலாம்.

பிறகு அந்த 1.8 கிலோ எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தும் சர்க்கரையும் கூடுதலாக உள்ளே போனால் உடம்பு ஒரு பங்கைக் கிளைகோஜனாகக் கல்லீரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாதக்கணக்காகச் சாதத்தைக் குறைத்திருந்த உங்களுக்கு அந்தக் கிடங்கு கொஞ்சம் காலியாகவே இருந்திருக்கும், அதனால் சட்டென்று நிரம்பியது. மேலே கல்யாணச் சாம்பார், அப்பளம், ஊறுகாய், முறுக்கு என்று உப்பு. அதுவும் தண்ணீரைப் பிடிக்கும். குடலில் இன்னும் நகராமல் இருக்கிற சாப்பாட்டுக்கும் எடை உண்டு. மாதவிலக்கு நெருங்கும் நாளாக இருந்தால் கேட்கவே வேண்டாம். மூன்று நாள் அதிரசத்துக்காக ஒரு கால் கிலோ, போனால் போகிறதென்று அரை கிலோ, நிஜமாகவே ஏறியிருக்கலாம். மீதியெல்லாம் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பிய சில நாளில் வடிந்துவிடும். அந்த இரண்டு நாள் மோரை மட்டும் குடித்தபோது எடை இறங்கியிருக்குமே? அந்தத் தண்ணீர்தான் இறங்கியது. அதற்கு விரதமும் தலைசுற்றலும் தேவையே இல்லை.

ஆக, அசோகா உங்களுக்குச் செய்த கெடுதல் மூன்று பவுனுக்குள். மீதி அத்தனையும் அதற்குப் பிறகு நடந்தது. ஏன் நடந்தது என்பதற்கு நம் ஊரில் பழமொழியே இருக்கிறது: நனைந்த பின் முக்காடு எதற்கு. ஒரு கரண்டி உள்ளே போய்விட்டது, விரதம் முறிந்துவிட்டது, இனி பாயசம் இரண்டு கப் ஆனால் என்ன, நாலானால் என்ன? இன்றைக்குக் கெட்டது கெட்டாயிற்று, திங்கட்கிழமையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். இந்த மனக்கணக்கைச் சோதனைச்சாலையிலேயே பிடித்துக் காட்டியிருக்கிறார்கள். 1975-ல் வெளியான ஓர் ஆய்வில், சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஐஸ்கிரீமை ருசி பார்க்கச் சொன்னார்கள். சாப்பாட்டில் கட்டுப்பாடு எதுவும் வைத்துக்கொள்ளாதவர்கள், மில்க் ஷேக் குடித்ததால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருக்கிறவர்கள் மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமை இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். முக்காடு நழுவிவிட்டது, அவ்வளவுதான். 2014-ல் நியூசிலாந்திலிருந்து இன்னோர் ஆய்வு வந்தது. சாக்லேட் கேக் என்றதும் குற்ற உணர்ச்சி வருகிறதா, கொண்டாட்டம் தோன்றுகிறதா என்று கேட்டு, பிறகு அவர்கள் எடையைத் தொடர்ந்து பார்த்தார்கள். எடை குறைக்க நினைத்தவர்களில், குற்ற உணர்ச்சிக்காரர்களுக்குத்தான் எடை சரியாகக் குறையவில்லை. தன்னைத் தானே திட்டிக்கொண்டால் வாய் அடங்கும் என்று நாம் நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஒரு பொட்டலத்தில் பார்த்துவிட்டேன். உணவு ஆலோசனை சொல்லும் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு தாள் அச்சடித்துக் கொடுப்பேன். மேலே பச்சையில் 'சாப்பிட வேண்டியவை', கீழே சிவப்பில் 'தொடக்கூடாதவை'. சிவப்பில் அதிரசம் முதல் அல்வா வரை இருபத்தைந்து அயிட்டம். மன்னார்குடியிலிருந்து ஓர் அம்மா வருவார். அந்தத் தாளை வேதமாக எடுத்துக்கொண்டு ஆறு கிலோ குறைத்தார். தீபாவளிக்குப் பிறகு ஆளைக் காணோம். பொங்கல் சமயம் கடைத்தெருவில் எதிரே வந்தவர், என்னைப் பார்த்ததும் கையிலிருந்த மிக்சர் பொட்டலத்தைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்தார். பேத்திக்கு வாங்கினேன் என்றார், நான் ஒன்றும் கேட்காமலே. அறுபது வயது அம்மா, என்னைவிட இரண்டு பங்கு வயது, ஒரு பொட்டலம் மிக்சருக்காக என்னிடம் பொய் சொல்ல வேண்டி வந்துவிட்டது. அவருக்கு ஏறிய எடையைவிட அந்த முந்தானைதான் எனக்கு உறுத்தியது. அந்தத் தாளை இப்போது நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

'சீட் டே' என்று இப்போது ஒரு வார்த்தை பரவியிருக்கிறது. ஆறு நாள் பத்தியம், ஏழாம் நாள் ஏமாற்று. எனக்கு அந்த வார்த்தையே பிடிக்கவில்லை. யாரை ஏமாற்றுகிறோம்? ஒரு நாள் முழுக்க வாயைத் திறந்துவிட்டால் ஆறு நாள் சேமித்ததை அந்த ஒரு நாளே தின்றுவிடும் என்பது வேறு.

நீங்கள் செய்ய வேண்டியது இதைவிடச் சின்ன வேலை. இனிப்பை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, தேடிப்போய்ச் சாப்பிடத் தகுந்தது. திருவையாற்று அசோகா, ஆடிப்பெருக்குச் சர்க்கரைப் பொங்கல், உங்கள் அம்மா கையால் மட்டுமே வரும் ஏதோ ஒன்று. இன்னொன்று, தானாக வந்து கையில் விழுவது. அலுவலகத்தில் யாருக்கோ பிறந்த நாள் என்று வரும் கேக், டீயோடு வரும் கிரீம் பிஸ்கட், யாரோ கொடுத்துவிட்டுப் போன ஸ்வீட் பாக்ஸில் மூன்றாம் நாள் காய்ந்து கிடக்கும் மைசூர்பாகு. இரண்டாவது வகையை மரியாதையாக விட்டுவிடலாம், அதில் உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. முதல் வகையை வாரத்துக்கு ஒரு முறை, சில வாரம் இரண்டு முறை, 50 கிராம் அளவுக்கு, உங்கள் திட்டத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் போட்டு, உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கச் சாப்பிடுங்கள். டப்பாவிலிருந்து நேரே வாய்க்குப் போவது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, உங்களுக்கே தெரியாது. உங்கள் இரவு அதிரசம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கலோரி. ருசித்துச் சாப்பிட்டிருந்தால் ஒன்றே போதுமாக இருந்திருக்கும்.

சீர்ப் பலகாரம் வந்த அன்றே அக்கம்பக்கத்துக்கும் அலுவலகத்துக்கும் பிரித்துக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்கு ஆளுக்கு இரண்டு வைத்தால் போதும். மன உறுதியை நம்பி அடுக்களை அலமாரியில் பத்துக் கிலோ பலகாரத்தை வைத்துக்கொண்டு ஜெயித்தவரை நான் இன்னும் பார்க்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.

வெல்லம் போட்டது, நாட்டுச் சர்க்கரை போட்டது என்றால் பரவாயில்லையா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். எடைக் கணக்கில் சீனிக்கும் வெல்லத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ருசிக்காகச் சாப்பிடுங்கள், மருந்து என்று நினைத்து இரண்டாம் கரண்டி போட்டுக்கொள்ளாதீர்கள்.

இப்போது நீங்கள் எழுதாத ஒன்றுக்கு வருகிறேன். காபி எத்தனை? கும்பகோணத்தில் வேலை, அதனால் மூன்றுக்குக் குறையாது என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நாளைக்கு 30 கிராம். சேர்க்கும் சர்க்கரையை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள், முடிந்தால் ஐந்துக்குள் வைக்கச் சொல்லி 2015-ல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியது. அந்த ஐந்து சதவீதம் என்பது 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு 25 கிராம்தான். இனிப்பே தொடவில்லை என்று நீங்கள் சொல்லும் நாளிலும் டபரா வழியாகவே அந்த எல்லையைத் தாண்டியிருக்கலாம். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் குறைத்தால் நாளைக்கு 60 கலோரி, வாரத்துக்கு 420. உங்கள் ஒரு கரண்டி அசோகாவுக்கு இடம் கிடைத்தது போக இன்னும் மிச்சம். காபியை விடச் சொல்லவில்லை, அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். முதல் பத்து நாள் சப்பென்றுதான் இருக்கும், பிறகு டிகாக்‌ஷனின் மணம் தெரிய ஆரம்பிக்கும்.

ஆடிப்பெருக்குக்குக் கண்டிப்பாகப் போங்கள். புதுப்பெண்ணுக்கு முதல் ஆடி, அத்தை இல்லாமல் எப்படி? படித்துறையில் விளக்கேற்றி, காதோலை கருகமணி விட்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு அது. ஆனால் காலையில் பட்டினியோடு கிளம்பாதீர்கள். மத்தியானம் நிறைய சாப்பிடப் போகிறோமே என்று காலையை வெட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. மூன்று இட்லி, சாம்பார் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பசித்த வயிறு கரண்டியைப் பார்த்து அளக்காது.

சித்ரான்னத்தில் உண்மையான விஷயம் சர்க்கரைப் பொங்கல் மட்டும் இல்லை. தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், புளியோதரை, தயிர்ச் சாதம், கூடவே அப்பளம், வடாம். எல்லாமே சாதம், பாதி எண்ணெயில் புரண்டது, காய் என்று பேருக்குக்கூட இருக்காது. உங்கள் பங்காக ஒரு தூக்கில் வெள்ளரிக்காயும் கொண்டைக்கடலைச் சுண்டலும் எடுத்துப் போங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், குழந்தைகள் முதலில் அதைத்தான் காலி செய்யும். தட்டில் முதலில் சுண்டல். அப்புறம் உங்களுக்கு ரொம்பப் பிடித்த இரண்டு சாதம், வகைக்கு ஒரு சின்னக் கரண்டி. நாலையும் ருசி பார்த்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை, புளியோதரை வருஷம் முழுக்கக் கிடைக்கும். சர்க்கரைப் பொங்கலை மட்டும் விடாதீர்கள். முந்திரி இருக்கிற பக்கமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காப்பரிசி ஒரு கைப்பிடி, அது மெல்ல மெல்லத்தான் உள்ளே போகும். நாத்தனார் இரண்டாம் முறை கரண்டியோடு வந்தால் 'டயட்' என்ற வார்த்தையை எடுக்காதீர்கள், எடுத்தால் அங்கேயே ஒரு பட்டிமன்றம் ஆரம்பித்துவிடும். "ரொம்ப நல்லா இருக்கு அக்கா, வயிறு நிறைஞ்சுடுச்சு" என்று தட்டின் மேல் கையை வைத்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு கரையோரமாக ஒரு கால் மணி நேரம் நடக்கலாம், தின்றதற்குத் தண்டனையாக இல்லை, உடனே உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்பதால்.

மாமியார் மறுபடி கேட்டால்? கேட்பார். "டயட்லதான் அத்தை இருக்கேன், இதுவும் அதுல இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வாயை எடுத்து வையுங்கள். அது பொய்யும் இல்லை.

அன்று இரவு வழக்கமான சாப்பாடு. மறுநாள் வழக்கமான சாப்பாடு. மோர் விரதம் கூடாது, இரண்டு மடங்கு நடையும் கூடாது. எடை மெஷினை ஒரு வாரத்துக்குப் பரண் மேல் ஏற்றிவிடுங்கள். பிறகும் வாரத்துக்கு ஒரு நாள், ஒரே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். 74-லிருந்து 69 என்பது உங்கள் எடையில் ஆறரை சதவீதத்துக்கும் மேல். ஐந்து சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் நல்லது தெரிய ஆரம்பிக்கும் என்றுதான் நாங்கள் சொல்வோம். அதை நீங்கள் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள், கடிதத்தில் அதற்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இரவில் மறைத்துத் தின்பது கல்யாணத்தோடு முடிந்துபோனது என்றால் கவலை இல்லை. அது வாரத்துக்கு ஒரு தடவை என்று தொடர்ந்தாலோ, தின்றதை வாந்தி எடுத்து வெளியேற்றத் தோன்றினாலோ, பட்டினியும் பெருந்தீனியும் மாறி மாறி வந்தாலோ, அதற்கு உணவுப் பட்டியல் உதவாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

இனி மாமியார். அவருக்கு எதுவும் கொடுக்காமல் நீங்கள் மட்டும் சாப்பிட்டால் அந்த வழக்கு தீபாவளி வரை நடக்கும். சர்க்கரை ஓரளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது என்றால் சாப்பாட்டின் முடிவில், வெறும் வயிற்றில் வேண்டவே வேண்டாம், இரண்டு ஸ்பூன் சர்க்கரைப் பொங்கல் கொடுக்கலாம். அதற்கு ஈடாக ஒரு கரண்டி சாதத்தைக் குறைத்துவிடுங்கள். பண்டிகை என்று மாத்திரையை விடக்கூடாது. இனிப்பு சாப்பிடுகிறோமே என்று கூடுதலாக ஒன்று போட்டுக்கொள்ளவும் கூடாது. மாத்திரையைப் போட்டுவிட்டுப் படித்துறையில் பூஜை முடியும் வரை பசியோடு உட்கார்ந்திருந்தால் சிலருக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும். எந்த மாத்திரை, எப்போது போட வேண்டும் என்று போவதற்கு முன்பே அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். பையில் நாலு குளுக்கோஸ் பிஸ்கட்டும் ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரையும் இருக்கட்டும். வேர்த்துக் கை நடுங்கினால் யோசிக்காமல் சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்து எழுதி வையுங்கள், அடுத்த முறை டாக்டரிடம் காட்டலாம். காப்பரிசி அவருக்கும் ஒரு சிட்டிகை கொடுக்கலாம், பல் இடம் கொடுத்தால்.